ஆண்டிரோமிடா மண்டலத்தைப் புகைப்படம் எடுத்தல்

நவம்பர் மாதத்து முன்னிரவில், நிலவும் ஊர் விளக்குகளும் இல்லாத ஓரிடத்தில் நின்று வடவானை நோக்கினால், காசியோப்பியா நட்சத்திரக் குழுவிற்குச் சற்று மேலே புகை போன்ற மங்கலான திட்டு ஒன்று புலப்படும். அதுவே ஆண்டிரோமிடா நட்சத்திர மண்டலம். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

இத்துணைத் தொலைவிலுள்ள பொருளைப் படம் பிடிக்கப் பெரிய தொலைநோக்கி இன்றியமையாதது எனப் பலர் கருதுவர். இக்கருத்து சரியன்று. வானில் இம்மண்டலத்தின் நீளம் சுமார் 3 பாகை. அதாவது, முழுநிலவின் விட்டத்தைப் போல் ஆறு மடங்கு. ஆகவே, வேண்டுவது உருவத்தைப் பெரிதாக்குவதன்று. மங்கிய ஒளியைச் சேமிப்பதேயாகும். 135 மில்லிமீட்டர் குவிதூரமுள்ள லென்சும் சாதாரண டிஜிட்டல் காமிராவும் இதற்குப் போதும்.

ஒளியைச் சேமிப்பதில் இரு தடைகள் உள்ளன. முதலாவது, பூமியின் சுழற்சி. வானம் மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தோன்றுவதால், அசையாது வைத்த காமிராவில் சில வினாடிகளிலேயே நட்சத்திரங்கள் கோடுகளாகப் பதியும். பூமியின் அச்சுக்கு இணையாக, வட துருவத்தை நோக்கி அமைந்த அச்சில் காமிராவைப் பொருத்தி, வானம் நகரும் வேகத்திலேயே சிறு மோட்டாரால் திருப்பினால் இக்குறை நீங்கும்.

இரண்டாவது, படத்தில் ஒழுங்கின்றித் தோன்றும் புள்ளிகள். ஒரு நிமிடப் படங்கள் 100 எடுத்து, அவற்றைக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி கண்டால், இப்புள்ளிகளின் அளவு பத்தில் ஒரு பங்காகக் குறையும். மண்டலத்தின் ஒளியோ குறையாது. அப்பொழுது தூசிப் பட்டைகளும் சுருள் கரங்களும் வெளிப்படும்.

எனினும், நகர விளக்கொளியை இம்முறையாலும் முற்றிலும் வெல்ல இயலாது. இருண்ட வானமும் காக்கப்பட வேண்டிய செல்வமே. லடாக்கிலுள்ள ஹான்லே பகுதி 2022-ல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது இக்காரணம் பற்றியே.

1923-ல் எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சனிலுள்ள 100 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படங்களில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். அதனைக்கொண்டு இம்மண்டலம் நமது பால்வீதிக்கு அப்பாற்பட்டது என நிறுவினார். நூறாண்டுகளுக்குப் பின், வெறும் 106 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியால் பல இரவுகள் ஒளியைச் சேமித்த அமெச்சூர் ஆர்வலர்கள், இம்மண்டலத்தின் அருகே ஆக்சிஜன் வாயு ஒளிரும் மாபெரும் வில்வடிவம் ஒன்றைக் கண்டனர். அது அதுவரை எவர் கண்ணிலும் படாதது. 2023 ஜனவரியில் இச்செய்தி வெளியாயிற்று.

ஆசிரியர்கள் 1, 4, 16 படங்களின் சராசரிகளை அருகருகே வைத்து மாணவர்களுக்குக் காட்டலாம். புள்ளிகள் முறையே பாதியாகவும் காலாகவும் குறைவதை மாணவர்கள் தாமே அளந்தறிவர்.