ஒரு கைக்கும் கணனி பணியும்



ஊரை விட்டு வந்தோம், காணியும் இல்லை. பிள்ளைகளாவது தொழில் ஒன்று பழகட்டும் என்று கணனி வகுப்புக்கு அனுப்புகின்றோம். ஆனால் போரினாலோ விபத்தினாலோ ஒரு கையை இழந்த பிள்ளையை மட்டும் வீட்டில் இருத்திவிடுகின்றோம். "கணனிக்கு இரண்டு கையும் வேண்டுமே" என்பது நாம் சொல்லும் காரணம். இது சரியா?

மண்வெட்டிப் பிடி நீளமென்றால் பிடியைத்தான் வெட்டுகின்றோம், ஆளை அல்ல. கணனியும் ஒரு கருவியே. 1969இல் தோன்றிய யுனிக்ஸ் முறையைப் பின்பற்றி உருவான லினக்ஸ் கணனிகளில், க்னோம் என்னும் திரை அமைப்பு பரவலாக உண்டு. அதைக் கைக்கு ஏற்றபடி மாற்றப் பணம் வேண்டியதில்லை. 'செற்றிங்ஸ்' பகுதியில் 'அக்ஸசிபிலிற்றி' என்பதைத் திறந்தால் பின்வரும் முதல் மூன்று வசதிகளையும் காணலாம்.

1. ஸ்ரிக்கி கீஸ்: தட்டச்சு வழிவந்த தமிழ் விசைப்பலகையில் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே பல எழுத்துக்களைத் தட்டவேண்டும். இவ்வசதி இருந்தால் ஷிப்டைத் தட்டி, விட்டு, பின்னர் எழுத்தைத் தட்டினால் போதும். கொன்ரோல் விசைக்கும் இதுவே முறை. இரு தடவை தட்டினால், மறுபடி தட்டும்வரை அவ்விசை அழுத்தியபடியே நிற்கும்.

2. ஸ்லோ கீஸ்: நடுங்கும் கை தவறுதலாகத் தொடும் விசைகளைக் கணனி பொருட்படுத்தாது. சற்று நேரம் அழுத்தியதை மட்டும் ஏற்கும்.

3. மவுஸ் கீஸ்: சுட்டியைப் பிடிக்க முடியாதவர், நம்லொக்கை நிறுத்திவிட்டு, வலப்புற எண் விசைகளால் திரையில் அம்புக்குறியை நகர்த்தலாம். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம். 5 தட்டினால் கிளிக்.

4. இடக்கைச் சுட்டி: இடக்கை மட்டும் உள்ளவருக்கு, 'மவுஸ்' பகுதியில் முதன்மைப் பொத்தானை வலப்பக்கம் மாற்றலாம்.

"ஒருவருக்காக மாற்றினால் மற்றவர்களுக்கு இடைஞ்சல்" என்று ஆசிரியர் சொல்லக்கூடும். இடைஞ்சல் இல்லை. பலர் பகிர்ந்து பாவிப்பதற்கென்றே வளர்ந்தது யுனிக்ஸ் முறை. அப்பிள்ளைக்குத் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்துகொடுத்தால், மாற்றங்கள் அக்கணக்கோடு நிற்கும். கடவுச்சொல் கேட்கும் முதல் திரையிலும் மனித உருவக் குறி ஒன்று உண்டு. அதை அழுத்தி முதல் மூன்று வசதிகளையும் அங்கேயே பெறலாம்.

இது இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இயேசுவும் சூம்பிய கையுடையவரைத் தொழுகைக்கூடத்தின் மூலையில் விட்டுவிடவில்லை; எல்லோர் முன்னிலையிலும் நடுவே வரச்சொன்னார்.

கலந்துரையாடுவோம்:

அ. நமது முகாமில், கிராமத்தில் வகுப்புக்கு அழைக்கப்படாத பிள்ளைகள் யார்?

ஆ. இந்த நான்கில் அவர்களுக்கு எது உதவும்?

இ. ஆசிரியரிடம் இதைக் கேட்க நம்மில் யார் அப்பிள்ளையோடு கூடப் போவோம்?