பிரேக் மெத்தென்று இறங்குதா? வண்டியை நிறுத்துங்க!

ஆடு, மாடு, தையல் மிஷின் என்று கடன் வாங்கிய நம் குழுக்களில் இப்போது பழைய ஆம்னி வேனும் காரும் வாங்கித் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சந்தைக்குக் காய், கண்காட்சிக்குச் சாமான், கல்யாணத்துக்குச் சமையல் பாத்திரம் என்று வண்டி ஓடுகிறது. அம்பாசிடர் தயாரிப்பு 2014-லும் ஆம்னி தயாரிப்பு 2019-லும் நின்றுவிட்டது. அதனால் இன்று ஓடும் இந்த வண்டிகள் எல்லாமே வயதானவைதான்.

வயதான வண்டியில் அடிக்கடி வரும் புகார் இது: "பிரேக் மெத்து மெத்துன்னு இறங்குதுக்கா, ரெண்டு மிதி மிதிச்சாதான் பிடிக்குது." உடனே பக்கத்தில் இருப்பவர் சொல்வார், "கொஞ்சம் ஆயில் ஊத்து, சரியாயிடும்" என்று. சரியாகாது. ஏன் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். ஓட்டத் தெரியாதவர்களும் படியுங்கள். பின்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்து உட்காருவது நாம்தானே!

குழந்தைக்கு மருந்து கொடுக்கும் சிரிஞ்சு வீட்டில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி வேண்டாம். அதில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, நுனியை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி நிற்கும். இப்போது கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு அழுத்துங்கள். பஞ்சு மாதிரி அமுங்கும். பிரேக்கும் இப்படித்தான். நாம் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. அந்த ஆயில் நாலு சக்கரத்திலும் பேடையோ ஷூவையோ தள்ளிச் சக்கரத்தைப் பிடிக்க வைக்கிறது. குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் நம் காலின் பலம் குமிழியை அமுக்கவே செலவாகிவிடும்.

காற்று மட்டுமே காரணம் இல்லை. எது காரணம் என்று பெடலே சொல்லும். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். நாலைந்து முறை மிதித்துவிட்டு, பிறகு ஒரே அழுத்தாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள்.

ரப்பர் பந்து மாதிரி துள்ளினால் உள்ளே காற்று இருக்கிறது. முதல் மிதியில் பாதிக்கு மேல் இறங்கி, இரண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாக நின்றால், பெரும்பாலும் பின்சக்கர டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை ரொம்ப மேலே இழுத்தால்தான் பிடிக்கிறது என்றால் அதுவும் இதற்குச் சாட்சி. இது ஷூவைப் பார்த்து, அட்ஜஸ்ட் செய்கிற வேலை. இதற்குப் போய் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

மிதித்த கால் மெதுவாகக் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தால்தான் பயப்பட வேண்டும். எங்கோ ஆயில் கசிகிறது, இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. ரப்பர் தேய்ந்தால் வெளியே ஒரு சொட்டு ஆயில்கூடத் தெரியாமல் இருக்கலாம், டப்பாவிலும் அளவு குறையாது. "ஆயில் குறையலையே, பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்று ஏமாறுவது இங்கேதான்.

இன்னொன்று. பெடலை மிதித்துக்கொண்டே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், பூஸ்டர் உள்ள வண்டியில் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். அது பூஸ்டர் வேலை செய்வதற்கு அடையாளம், கோளாறு இல்லை.

அடுத்து கண்ணால் பார்க்க வேண்டியது. ஆயில் டப்பா எங்கே என்று டிரைவர் தம்பியைக் காட்டச் சொல்லுங்கள். பேட் தேயத் தேய அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது இயல்பு. ஒரு வாரத்தில் திடீரென்று இறங்கினால் கசிவுதான். நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ரப்பர் ஹோஸைப் பார்க்கட்டும். வெடிப்பு விட்டிருந்தாலும் மிதிக்கும்போது உப்பினாலும் மாற்றியே ஆக வேண்டும். ஆயில் பட்ட பிரேக் ஷூவைத் துடைத்துப் போட விடாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே புதுசு போடணும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உப்பு மாதிரி இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 140 டிகிரிவரை இறங்கிவிடலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் என்ன ஆகும்? சக்கரத்தின் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றுப் போலத்தான், அமுங்கும். மேலே ஏறும்போது கல்லாக இருந்த பெடல் பாதி இறக்கத்தில் தரையைத் தொடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுசாக மாற்றுங்கள். மலை இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள்.

மூடியில் எழுதியிருக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊறிப் பெருத்துவிடும், பிறகு எல்லாவற்றையும் மாற்றுகிற செலவு வரும். மீதி ஆயிலைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது, பிள்ளைகள் குடித்துவிடும். அது விஷம்.

காற்று எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மெக்கானிக் செய்தாலும் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்து நிப்பிளைத் திறந்து ஆயிலும் குமிழியும் வந்தபின் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கணும். முன்னாலேயே எடுத்தால் வெளிக்காற்றை அதுவே உறிஞ்சிவிடும். டப்பாவில் ஆயில் தீர்ந்துபோகவும் விடக்கூடாது. பழைய வண்டி என்றால் பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தரைவரை மிதித்தால் துருவேறிய இடத்தில் உரசி மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கிழிந்துவிடும். நன்றாக இருந்ததும் போய்விடும்.

காற்று எடுத்துச் சரியான பெடல் பத்து நாளில் மறுபடி மெத்தென்று ஆனால், காற்று நுழையும் வழி இன்னும் அடைபடவில்லை. மறுபடியும் காற்று எடுக்கப் பணம் கொடுக்காதீர்கள். ஓட்டை எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானையும் பில்லையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"முகூர்த்த நாளாச்சே, இந்த ஒரு ட்ரிப் மட்டும்" என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். ஒரு நாள் வாடகை போனால் தவணையை அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். ஓடும்போதே பெடல் விழுந்துவிட்டால், வேகமாக மறுபடி மறுபடி மிதிக்கணும், கியரை ஒவ்வொன்றாகக் குறைக்கணும், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கணும். சாவியை மட்டும் திருகி எடுத்துவிடக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இதை உங்கள் டிரைவரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

வேலை முடிந்ததும் ஆள் ஏற்றாமல், காலி வண்டியைத் திடலில் மெதுவாக ஓட்டிப் பத்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். மறுநாள் காலை டப்பாவின் அளவையும் நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும் திரும்பப் பாருங்கள். எல்லாம் காய்ந்து, பெடல் முதல் மிதியிலேயே கெட்டியாக நின்றால் வாடகைக்கு அனுப்பலாம்.