வீங்காத மடியையும் சோதித்துப் பார்

அன்புள்ள கண்மணிக்கு,

மடிநோய் கண்ட பசுவின் மடி வீங்குவது கிருமியின் வேலையா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் அது பசுவின் உடம்பே செய்கிற வேலை. அது எப்படி என்று தெரிந்தால், வீங்காத மடியையும் சந்தேகிக்கக் கற்றுக்கொள்வாய்.

கிருமிகள் பெரும்பாலும் காம்புத் துளை வழியாகத்தான் நுழைகின்றன. பாலில் உலவும் மேக்ரோபேஜ் அணுக்களும் மடியின் உட்சுவர் அணுக்களும் கிருமியின் மேலுறையைக் கொண்டே அதை இனங்கண்டு, சைட்டோகைன் என்னும் சேதிப் புரதங்களைச் சுரக்கின்றன. உடனே இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. மடி வீங்கிச் சூடேறுகிறது. நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் இரத்தத்திலிருந்து திரளாகப் பாலுக்குள் இறங்குகின்றன.

நியூட்ரோபில் கிருமியை விழுங்கி, நொதிகளாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வேதிப்பொருள்களாலும் கொல்லும். சில, தம் டி.என்.ஏ. இழைகளையே வலையாக வெளியே வீசிக் கிருமியைச் சிக்க வைக்கும். இது 2004-இல்தான் தெரியவந்தது. ஆனால் பாலில் அவை கொழுப்புத் துளிகளையும் கேசின் புரதத்தையும் சேர்த்து விழுங்குவதால் வலுக் குன்றுகின்றன. கன்று ஈனும் சமயத்திலும் அவற்றின் திறன் குறையும். ஈன்ற முதல் வாரங்களில் மடியைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எல்லாக் கிருமிக்கும் உடம்பு ஒரே மாதிரி எழுவதில்லை. ஈ.கோலை நுழைந்தால் சில மணி நேரத்திலேயே மடி இறுகும், காய்ச்சல் அடிக்கும், பால் தண்ணீராகும். பல பசுக்கள் சில நாளில் அதை வென்றுவிடும். எதிர்ப்பு அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வேறு வகை. அதற்கு உடம்பு மெதுவாக, மங்கலாகத்தான் எழும். அந்தக் கிருமி அணுக்களுக்குள்ளேயே ஒளிந்து மாதக்கணக்கில் தங்கும். மடி மெத்தென்றிருக்கும், பால் வெண்மையாகவே இருக்கும். கறக்கிற கை வழியே அது அடுத்த மாட்டுக்கும் போகும்.

இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. அணுக்களின் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். நலமான மடியின் பாலில் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவாகவே அணுக்கள் இருக்கும். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். 1957-இல் வந்த கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையைத் தொழுவத்திலேயே செய்யலாம். நான்கு குழியுள்ள தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, சோதனைக் கரைசலை ஊற்றிச் சுழற்று. கரைசல் வெள்ளணுக்களை உடைக்க, வெளிப்படும் டி.என்.ஏ. பாலைக் கூழாக்கும். கூழ் தடிக்கத் தடிக்க அணுக்கள் அதிகம் என்று பொருள்.

கூழானால் கால்நடை மருத்துவரிடம் காட்டு. நீயாக மருந்து ஏற்றாதே. அந்த மாட்டைக் கடைசியாகக் கற. கறந்ததும் காம்பைக் கிருமிநாசினியில் நனைத்துத் தீவனம் போடு. காம்புத் துளை மூட அரைமணிக்கு மேலாகும். அதுவரை மாடு படுக்காமல் நின்று தின்னட்டும். உள்ளே நுழைந்த கிருமியைத் துரத்த வெள்ளணுக்கள் படும் பாட்டில் பாதியை, நுழையாமல் தடுக்கும் உன் கை மிச்சப்படுத்தும்.

அன்புடன்,
உன் பெரியப்பா