மோட்டார் எஞ்சினைத் தூய்மை செய்தல்

வீட்டைத் துப்புரவாக வைத்துக்கொள்ள விரும்பும் இல்லத்தார் கூடத்தை மட்டும் பெருக்கிவிட்டு அடுக்களையை மறந்துவிடுவதில்லை. விருந்தினர் கண்ணிற்படுவது கூடமே. ஆயினும் வீட்டாரின் உடல்நலம் அடுக்களையைப் பொறுத்தே அமைகின்றது. மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும். அதன் மேற்புறம் பளபளக்குமாறு கழுவுவோர் பலர். பானெட் என்னும் முன்மூடியைத் திறந்து எஞ்சின் அமைந்துள்ள அறையை நோக்குவோர் சிலரே. அவ்வறையைத் தீங்கின்றித் தூய்மை செய்யும் முறையினை இப்பாடத்தில் காண்போம்.

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் வாழ்வோர்க்கு இயந்திரம் புதிய பொருள் அன்று. ஆவடியில் 1961-ஆம் ஆண்டு கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் தோன்றியது. இயந்திரங்களைச் செய்தும் செப்பனிட்டும் பிழைக்கும் குடும்பங்கள் இப்பகுதியில் பல. இங்குக் கோடையிலே சாலைப் புழுதி வண்டிகளின்மேல் படிகின்றது. ஐப்பசி கார்த்திகை மழையிலோ சேறு தெறிக்கின்றது. மரநிழலில் நிற்கும் வண்டிக்குள் வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் சேர்கின்றன. சருகும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் எலி கூடு கட்டுகின்றது. மின்கம்பிகளின் மேலுறையைக் கடித்துத் தின்கின்றது.

இவ்வழுக்கினால் விளையும் கேடு யாது? எண்ணெய் ஊறிய சருகு வெப்பத்தினால் தீப்பற்றக்கூடும். அதனினும் நுட்பமான கேடு ஒன்றுண்டு. எஞ்சினில் எங்கேனும் எண்ணெய் கசியுமாயின், தூய இரும்பின்மேல் அக்கசிவு உடனே புலப்படும், அழுக்கின்மேல் புலப்படாது. கசியும் குழாயும் கடியுண்ட கம்பியும் அழுக்கிற்குள் மறைந்திருந்து, ஒருநாள் நடுவழியில் வண்டியை நிறுத்திவிடும். ஆதலின் எஞ்சினைத் தூய்மை செய்வது அழகுக்காக அன்று. குறையை முன்னரே கண்டு களைவதற்காகவே. இக்கருத்தை மனத்திற்கொண்டால், குடங்குடமாக நீரை ஊற்ற வேண்டிய தேவையில்லை என்பது தானே விளங்கும்.

நீரே அழுக்கைப் போக்குவது. எஞ்சினுக்குப் பகையாவதும் அந்நீரே. எஞ்சின் அறையில் வெப்பம், மின்சாரம், காற்று என்னும் மூன்றும் தொழிற்படுகின்றன. ஓடிக் களைத்துக் கொதிக்கும் உலோகத்தின்மேல் குளிர்நீர் பட்டால், அது திடீரெனச் சுருங்கி வெடிப்புறக்கூடும். மின் இணைப்புகளில் நீர் புகுந்தால் அவை கெடும். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில் எளிய மின்னமைப்பே இருந்தது. நனைந்து நின்றாலும் துடைத்து உலர்த்தினால் பெரும்பாலும் மீண்டும் ஓடும். இக்காலத்து வண்டிகளிலோ எஞ்சினின் இயக்கத்தை ஆளும் மின்னணுப் பெட்டியும் உணர்கருவிகள் பலவும் உள்ளன. அவை ஈரத்தைப் பொறுப்பதில்லை.

இனிக் காற்றைக் கருதுவோம். எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலேறிக் காற்றை அழுத்துகின்றது. காற்று அழுத்தத்திற்கு இணங்கிச் சுருங்கும், நீர் சுருங்காது. காற்றுக் குழாய் வழியே நீர் உருளைக்குள் புகுந்துவிட்டால், மேலேறும் பிஸ்டன் நீரில் மோதி நிற்க, அதனைத் தாங்கும் இணைப்புத்தண்டு வளையும். 2015 டிசம்பர் முதல் நாளன்று செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் பெருமளவில் திறந்துவிடப்பட, அடையாற்றின் கரையோரங்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில், நீர் வடிந்தவுடன் ஓடுகின்றதா எனச் சாவியைத் திருப்பிப் பார்ப்பதே பெருங்கேடு. சாவியைத் தொடாது, வண்டியை இழுத்துச்சென்று பணிமனையில் சேர்ப்பதே அறிவுடைமை. வெள்ளம் செய்யும் அதே தீங்கை, கவனமின்றிப் பாய்ச்சும் குழாய்நீரும் செய்யவல்லது என்பதை மறத்தலாகாது.

தூய்மை செய்யும் முறையை இனி வரிசையாக நோக்குவோம். மாணவர்கள் இதனைத் தனியே செய்ய முற்படாது, வண்டியைப் பற்றி அறிந்த பெரியோருக்குத் துணையாக நின்று செய்தல் வேண்டும். இரவு முழுதும் ஓடாது நின்ற வண்டியைக் காலையில் தூய்மை செய்வது நன்று. அடைத்த கொட்டகை வேண்டா. காற்றோட்டமுள்ள சமதரையும் நிழலுமே ஏற்றவை. கைத்தடையை இட்டுச் சாவியை எடுத்துவிடல் வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவைக்க. தொங்கும் ஆடையை இறுக்கிக் கட்டுக. கைக்கு ரப்பர் உறை அணிக. வண்டியுடன் வந்த கையேட்டை முதலில் படித்தல் இன்றியமையாதது. நீரே படலாகாது என அக்கையேடு விலக்கியிருப்பின், அதனை மீறலாகாது.

பாட்டரியின் இணைப்பை நீக்கும்போது எதிர்முனையை முதலில் கழற்றுதல் வேண்டும். திரும்ப மாட்டும்போது அதனை இறுதியில் மாட்டுதல் வேண்டும். இவ்வொழுங்கிற்குக் காரணம் உண்டு. வண்டியின் உடல் எதிர்முனையோடு இணைந்தது. நேர்முனையை முதலில் கழற்றுங்கால் ஸ்பானர் தவறி வண்டியின் உடலில் பட்டால், பெருமின்னோட்டம் பாய்ந்து தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து எளிதில் எரியும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதுண்டு. ஆதலின் அதனருகே நெருப்பும் புகைபிடித்தலும் கூடவே கூடா.

அடுத்து, பாட்டரி, மின்னாக்கியாகிய ஆல்ட்டர்னேட்டர், பியூஸ் பெட்டி, மின்னணுப் பெட்டி, காற்று புகும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறைகளால் மூடிக் கட்டுக. எத்தனை உறைகள் கட்டினோம் என்பதை எண்ணி வைத்துக்கொள்க. எண்ணெய் ஊற்றும் வாயும் ஏனைய மூடிகளும் இறுகியுள்ளனவா எனப் பார்க்க. பிறகு சருகுகளைக் கையால் பொறுக்கி, மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழ்நோக்கிப் புழுதியைத் தள்ளுக. எலியின் கூடோ எச்சமோ காணப்படின் அதனை ஊதிப் பறக்கவிடலாகாது. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கிருமிநாசினி நீரால் நனைத்த துணிகொண்டு அதனை எடுத்து அகற்றுக.

எஞ்சியுள்ள எண்ணெய்ப் பிசுக்கினைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க. பின்னர்த் தூயநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மறுமுறை துடைக்க. விசையோடு நீர் பாய்ச்சும் பொறி இதற்கு ஆகாது. பிசுக்கு எளிதில் நீங்குமென்று பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ பயன்படுத்துவோர் உளர். அது தம் வீட்டு வாயிலில் தாமே தீயை அழைப்பது போலாகும். கொதிக்கும் எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் வெந்நீர் பீறிட்டு முகத்தில் பாயும். ரேடியேட்டர் விசிறி, எஞ்சின் நின்ற பின்னரும் தானே சுழலக்கூடும். மின்சாரத்தால் ஓடும் வண்டிகளிலும் இருவகை ஆற்றலாலும் ஓடும் வண்டிகளிலும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயரழுத்த மின்சாரத்தைத் தாங்கியவை. அவற்றைப் பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் தொடலாகாது.

துடைத்த அழுக்கு நீரை எங்கே விடுவது? தெருவின் மழைநீர்க் கால்வாயில் கொட்டிவிட்டால் நம் வாயில் தூய்மையாகும். ஆனால் அந்நீர் தாழ்ந்த இடந்தேடி ஏரியையோ கூவம் போன்ற ஆற்றையோ சென்றடையும். பூந்தமல்லிக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னை மாநகரின் குடிநீர் நிலைகளுள் ஒன்று. சிறிதளவு எண்ணெயும் நீர்ப்பரப்பில் விரிந்து படலமாகும். ஆகவே கீழே பழந்துணியை விரித்துச் சொட்டும் அழுக்கை அதில் ஏற்றுக்கொள்க. எண்ணெய்த் துணிகளைத் தனியே கட்டி, அடுப்பிற்கு அருகில் வையாது, தீங்கு தரும் கழிவென்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் ஒப்படைக்க. நம் வண்டியின் அழுக்கு பிறர் குடிக்கும் நீரில் சேருமாயின், நாம் செய்தது தூய்மை ஆகாது. அழுக்கை இடம் மாற்றியதே ஆகும்.

யாவும் உலர்ந்த பின்னர் உறைகளை எண்ணி எடுத்துவிட்டுப் பாட்டரியை மீண்டும் இணைக்க. முன்மூடியைச் சார்த்துமுன் ஒரு கணம் நின்று நோக்குக. இப்பொழுது ஒவ்வொரு குழாயும் கம்பியும் தெளிவாகத் தெரியும். வெடித்த ரப்பர்க்குழாய், கசியும் எண்ணெய், எலி கடித்த கம்பி என எதுவாயினும் கண்டால், வண்டியை ஓட்டாது பழுது பார்ப்பவரிடம் சொல்லுக. பெரியவர் எஞ்சினை இயக்குங்கால் கைகளை விலக்கி நின்று, மாறான ஒலியோ புகையோ எழுகின்றதா எனக் கவனிக்க. ஒரு காலைப்பொழுதின் இவ்வுழைப்பு, அவ்வண்டியில் ஏறிச் செல்லும் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் வழியில் நேரும் இடரினின்று காக்கும்.