பழைய டி.வி.யும் சிவப்புப் பாதரசமும்

பழைய டி.வி.க்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை போகும் என்ற பேச்சு 2020 ஊரடங்குக் காலத்தில் வாட்ஸ்அப்பில் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது, இன்னும் ஓயவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் அது எளிதில் எடுபடும். அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், வளைகுடா என்று போய்வந்தவர்கள் சுமந்துவந்த பெட்டிகளும், 2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல இலவச டி.வி.களும் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. படம் போன பெட்டியைத் திறந்தால் ஏதாவது புரியாத பொருள் கண்ணில் படத்தான் செய்யும்.

முதலில் படுவது, பிக்சர் டியூபின் கழுத்துக்குள் வெள்ளி பூசியதுபோல் பளபளக்கும் திட்டு. பாதரசம் என்று நம்பத் தோன்றும்; அது பேரியம். டியூபிலிருந்து காற்றை உறிஞ்சிய பிறகும் மிஞ்சும் துளி வாயுவைப் பிடித்துக்கொள்ள ஆலையிலேயே ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். காற்றுப் புகுந்துவிட்டால் திட்டு வெளுத்துவிடும். அதைப் பார்த்தே டியூப் போச்சு என்று சொல்லிவிடலாம். சிவப்பாகத் தெரிபவையும் சாதாரணச் சரக்குதான்: காயில் திருகு அசையாமலிருக்க வைத்த அரக்கு, எல்.ஓ.டி. என்ற உயர் அழுத்த மின்மாற்றியிலிருந்து டியூபுக்குப் போகும் தடித்த ஒயர். திரையில் சிவப்பு நிறம் தரும் யூரோப்பியம் கலந்த பொடிகூட, வெளியே எடுத்துப் பார்த்தால், தன்னளவில் வெள்ளைதான். மூன்று டியூப் வைத்த ப்ரொஜெக்‌ஷன் டி.வி.யில் லென்ஸுக்கும் டியூபுக்கும் நடுவே ஒரு திரவம் நிற்கும். கார் ரேடியேட்டரில் ஊற்றுகிறோமே, அந்தக் கிளைக்கால் வகைதான். டியூபின் சூட்டைத் தணிக்க. அது கலங்கினால் படம் மங்கும். டியூபைக் குறைசொல்லும் முன் திரவத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் டி.வி.யில் பாதரசமே கிடையாதா என்றால், உண்டு. விளக்கு வைத்த பிற்கால ப்ரொஜெக்‌ஷன் பெட்டிகளிலும், எல்.இ.டி. வருமுன் வந்த எல்.சி.டி.களின் பின்விளக்குக் குழாய்களிலும் இருக்கிறது. மில்லிகிராம் கணக்கில், வெள்ளி நிறத்தில். சிவப்பான பாதரசச் சேர்மங்களும் உண்டுதான். சித்த மருத்துவம் அறிந்த சாதிலிங்கம் அப்படிப்பட்டது. ஆனால் அது கல், திரவமன்று, டி.வி.க்குள் அதற்கு வேலையுமில்லை. வாட்ஸ்அப் வீடியோவில் சிவப்புப் பாதரசத் துளி பூண்டைக் காட்டினால் விலகி ஓடுகிறதே என்பார்கள். வீடியோவில் எதையும் ஓடவைக்கலாம். ஆய்வுக்கூடத்தில் அப்படியொரு துளி இதுவரை சோதனையில் தேறியதில்லை. வாங்க ஆளில்லாமலா விலை சொல்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. விலை சொல்பவர் கேட்பது முன்பணம், வியாபாரமே அதுதான். சோவியத் யூனியன் உடைந்த காலத்தில் இதே சரக்கை அணுகுண்டுப் பொருள் என்று விற்கப் பார்த்தார்கள். சர்வதேச அணுசக்தி முகமை அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டது. 2009-இல் சவுதி அரேபியாவில் பழைய சிங்கர் தையல் மிஷினுக்குள் இது இருப்பதாகப் புரளி கிளம்பி, மிஷின்களின் விலை தாறுமாறாக ஏறியது. அணுகுண்டிலும் தையல் மிஷினிலும் நம் இலவச டி.வி.யிலும் ஒரே பொருளைக் கொண்டுபோய் வைத்தது யாராம்?

தேடும் ஆசையில் டியூபை உடைப்பவருக்குக் கிடைப்பது வேறு. வெற்றிடம் என்பதால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கித் தெறிக்கும். கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். காயலாங்கடையில் காசு வருவது முக்கியமாக டியூபின் கழுத்தில் மாட்டிய யோக்கில் சுற்றிய செம்புக்கு. பெட்டியைப் பிரிக்காமல், மின்கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள். முன்பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.