பதினான்கோடு முடிந்துவிடுமா கட்டாயக் கல்வி?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)



ஒரு பிள்ளைக்குப் பதினான்கு வயது முடிந்த மறுநாள், நம் நாட்டுச் சட்டம் அவனை என்னவாகப் பார்க்கிறது தெரியுமா? அவன் ஓட்டுப் போட முடியாது. கார் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் செல்லாது. பெண் பிள்ளையாக இருந்தால், திருமணம் செய்துவைப்பது குற்றம். இதற்கெல்லாம் சிறுவர் சிறுமியர்தான். ஆனால் படிப்பு என்று வந்தால் மட்டும் ஒரே நாளில் பெரிய மனிதர் ஆகிவிடுகிறார்கள்! பள்ளிக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, சட்டம் கேட்காது.

இந்தப் பதினான்கு எங்கிருந்து வந்தது? கோகலே 1911இல் கட்டாய ஆரம்பக் கல்விக்காக மசோதா கொண்டுவந்தார். அது தோற்றது. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டால் பண்ணை வேலைக்கு யார் வருவார்கள் என்பது அன்றைய நிலக்காரர்களின் கவலைகளில் ஒன்று. பிறகு அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவு, பத்தாண்டுக்குள் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. 1960இல் முடிய வேண்டிய வேலை! 2002இல்தான் 86ஆவது திருத்தம் வந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு வயது முதல் பதினான்கு வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை. 1950இல் எட்டாவது படித்தவர் ஊரில் கடிதம் படித்துக் காட்டும் ஆள், பெரிய ஆள். இன்று எட்டாவதை வைத்துக்கொண்டு நம் காலேஜ் வாசலைக்கூட மிதிக்க முடியாது, பாலிடெக்னிக்குக்கே பத்தாவது வேண்டும். அறுபது வருஷம் காத்திருந்து பழைய அளவுச் சட்டையையே தைத்துப் போட்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

வேலைச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். அதன்படி பதினான்கு வயது வரை யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது. (குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள்.) பதினான்கு முதல் பதினெட்டு வரை, ஆபத்தான தொழில்களில் மட்டும் கூடாது. ஆக, ஒரு சட்டம் பள்ளிக் கதவைத் திறந்துவிடுகிற அதே வயதில் இன்னொரு சட்டம் கடைக் கதவைத் திறந்துவிடுகிறது!

என் ஊர் சிறுசேரி. பழைய மகாபலிபுரம் சாலையில் சிப்காட் ஐ.டி. பார்க் என்றால் தெரியாதவர் இல்லை. கணக்குப் பாடத்துக்குப் பேர்போன சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டும் அங்கேதான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள், "உங்களுக்கென்ன, வீட்டு வாசல்லயே வேலை" என்பார்கள். உண்மைதான், வேலை இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடங்களில் இரண்டு வகை வேலைதான். ஒன்று டிகிரி இருந்தால் கிடைப்பது. மற்றொன்று, படிப்பே வேண்டாம், நாளைக்கே வா என்பது. கூட்டுவது, துடைப்பது, கேன்டீனில் தட்டு கழுவுவது, சுற்றியுள்ள அபார்ட்மெண்ட்டுகளுக்குத் தண்ணி கேன் போடுவது. என் அம்மா இரண்டாவது வகை. அப்பா உப்பளத்தில் வாரியவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் வீட்டில் பத்தாவது பாஸ் ஆன முதல் ஆள் நான்தான்.

என் சித்தப்பா மகன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஒன்பதாவதில் நின்றுவிட்டான். கேன் வண்டியில் போகிறான். நாளைக்கு ஐந்நூறு ரூபாய். பெரியப்பா என்னைப் பார்த்தால், "இன்னாடா, அவன் ஐந்நூறு கொண்டாறான், நீ இன்னா கொண்டாற? புக்கு!" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான். ஆனால் அந்தக் கணக்கில் தப்பு எங்கே இருக்கிறது சொல்லுங்கள்? 2022இல் புதுமைப்பெண் திட்டமும் 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்பில் சேர்ந்தவருக்கு மாதம் ஆயிரம் என்றார்கள். நல்ல திட்டங்கள், நம் டிப்ளமோவுக்கும் உண்டு. ஆனால் அந்த ஆயிரத்தை என் தம்பி இரண்டு நாளில் சம்பாதிக்கிறான். அதுவும் ஒன்பதாவதில் நின்றவனுக்கு அந்தத் திட்டம் எட்டாது. முதுகில் கேன் தூக்கும் வயது போன பிறகு அவனுக்கு என்ன சம்பளம் என்பதுதான் பெரியப்பா போடாத கணக்கு.

இதற்கு என் வகுப்பு நண்பர்களிடையே எதிர்ப்பு உண்டு. "மச்சான், கட்டாயப்படுத்தி உட்கார வெச்சா படிப்பு ஏறுமா? புடிக்காதவனை வுட்டுடு" என்கிறான் ஒருவன். மாமல்லபுரத்திலிருந்து வரும் நண்பன் சொல்வது இன்னும் கனமானது. "உளி சின்ன வயசுலயே கையில பழகணும். பதினெட்டு வரைக்கும் பெஞ்சுல உட்கார்ந்துட்டு வந்தா கல்லு பேசாது" என்கிறான். நியாயமான பேச்சு. ஆனால் அவன் ஊரிலேயே 1957இல் சிற்பக் கலைக்கு அரசு ஒரு பயிற்சி நிலையம் ஆரம்பித்து, அது கல்லூரியாக வளர்ந்ததே! அங்கே பல ஆண்டு முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதி, கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலையை அமைத்தவர், காரைக்குடியில் கணிதப் பட்டம் வாங்கியவர். உளியும் புத்தகமும் ஒரே கையில் இருக்கலாம் என்பதற்கு வேறு ஆள் தேட வேண்டாம்.

கட்டாயம் என்றால் என்ன என்பதிலும் நமக்குள் குழப்பம் இருக்கிறது. போலீஸ் வந்து அப்பாவைப் பிடிக்கும் என்று நினைக்கிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு சொல்வது வேறு. 'கட்டாயக் கல்வி' என்றால் சேர்ப்பதும், வரச்செய்வதும், முடிக்கச்செய்வதும் அரசின் கடமை என்று பொருள். அந்தக் கடமையைத்தான் பதினெட்டு வரை நீட்டச் சொல்கிறேன். 2019இல் கஸ்தூரிரங்கன் குழுவின் வரைவும் இதையே கேட்டது. 2020 கொள்கையில் அது 'வாய்ப்பு' என்று சுருங்கிப்போனது.

நீட்டினால் எப்படி நீட்டுவது? எல்லாரும் பிளஸ் டூ பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் 2008இல் சட்டம் போட்டு 2015 முதல் பதினெட்டு வரை ஆக்கினார்கள். ஆனால் பள்ளியும் கணக்கு, அப்ரண்டிஸும் கணக்கு, வேலையோடு பகுதிநேரப் படிப்பும் கணக்கு. ஜெர்மனியில் பட்டறையில் வேலை கற்கும் பையன் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். அதுவும் தூர தேசம் என்றால், பக்கத்திலே இலங்கை பதினான்கிலிருந்து பதினாறுக்கு உயர்த்தியாயிற்று. நம்மிடம் ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டமே இருக்கிறது. இவற்றையும் கட்டாயக் கல்விக் கணக்கில் சேர்த்து, பதினைந்து வயதில் வேலைக்கு வைக்கும் முதலாளி வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு படிக்க அனுப்ப வேண்டும் என்று போட்டால், என் தம்பி கேன் வண்டியை விடாமலே படிக்கலாம். ஒருமுறை அவனைக் கேட்டேன். "அண்ணே, நான் இப்பப் போய்ச் சின்னப் பசங்களோட உக்காரவா?" என்றான். வாரம் ஒரு நாள், அவன் வயசுப் பசங்களோடு என்றபோது பதில் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கிழமை என்று கேட்டான்.

சட்டம் வரும்போது வரட்டும். அதற்குள் நம் பேரவை ஒன்று செய்யலாம். பத்தாவது ரிசல்ட் வந்த வாரம், நம்மில் ஐந்தாறு பேர் சிறுசேரி, படூர், தையூர் என்று தெருத்தெருவாகப் போவோம். ஃபெயிலான பிள்ளைக்கு உடனே துணைத் தேர்வு உண்டு என்பது பல வீடுகளில் தெரியாது. பாலிடெக்னிக் விண்ணப்பம் நிரப்ப வீட்டில் ஆள் கிடையாது. எனக்கு நிரப்பித் தந்தது ஜெராக்ஸ் கடை அக்கா. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது. கேன் வண்டி ஏறுவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்குப் போனால்தான் பையன்களைப் பிடிக்கலாம்.