நகர நடுவே ஒரு தியான மண்டபம்

தியான மண்டபம் கட்ட விரும்பி என்னிடம் வரைபடம் கேட்டு வரும் ஆலய நிர்வாகத்தினர் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எத்தனை பேர் அமரலாம்? சாலைச் சத்தம் வராமல் அடைக்க என்ன செலவாகும்? இரண்டும் நியாயமானவையே. ஆனால் இவ்விரண்டை மட்டும் மனத்தில் வைத்து ஒரு மண்டபம் வரைந்து, அன்பர்கள் சிலருக்குத் துன்பம் விளைவித்தவன் நான். அதனால்தான் இம்மலரில் இதை எழுதுகிறேன்.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விளக்குகிறது. இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டில் தியானம் ஏழாவது. அந்தப் படியில் எவரையும் கட்டடம் கொண்டு போய் அமர்த்திவிடாது. புலன்களை உள்முகமாகத் திருப்பும் ஐந்தாம் படிக்கு அது ஓரளவு கைகொடுக்கலாம். அதற்கு முந்திய ஆதனத்துக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் இடையூறு செய்யாமலாவது இருக்க வேண்டும். நான் சறுக்கியது அங்கேதான்.

1994-ஆம் ஆண்டு, கோலாலம்பூரில் பேருந்துகள் ஓயாது செல்லும் சாலையோரம், ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடி. நாற்பது பேர் அமர இடம். முதலில் சுவரெங்கும் பஞ்சுப் பலகை ஒட்டினோம். சத்தம் குறையவில்லை. பஞ்சு, அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும்; வெளியொலியைத் தடுக்கக் கனமும் சந்தில்லாத அடைப்பும் வேண்டும். சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் சுமார் 20 டெசிபலுக்கு மேல் அதனால் தடுக்க இயலாது. சாலையில் 75 டெசிபல் என்றால் உள்ளே 55. பக்கத்தில் இருவர் பேசிக்கொண்டிருப்பதற்குச் சற்றே குறைவு. கதவடிச் சந்து, ஜன்னல் சட்டத்தின் விரிசல், பழைய கடைவீடுகளுக்கே உரிய காற்றுத் துளைகள் எல்லாம் சேர்ந்தால் அந்த ஒரு பங்கு தாராளமாக வந்துவிடும்.

ஆகவே எல்லாவற்றையும் அடைத்தோம். இரட்டைக் கண்ணாடி, ரப்பர் விளிம்பு, இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள். மண்டபம் அமைதியாயிற்று, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் கொட்டாவி தொடங்கும். பாதிப் பேர் தலை சாய்ப்பார்கள். யோக ஆசிரியர் அதைத் தமோ குணம் என்று கடிந்துகொண்டார். நானும் தலையசைத்தேன். முதிய அம்மையார் ஒருவர், இந்தப் பிறவியில் தமக்குத் தியானம் வாய்க்காது போலும் என்று கண் கலங்கிச் சொல்லி, வருவதையே நிறுத்திக்கொண்டார்.

ஒரு நாள் மின்தடை ஏற்பட்டது. ஜன்னல்களைத் திறந்தோம். சாலை இரைச்சல் முழுவதும் உள்ளே புகுந்தது. அன்றுதான் ஒருவரும் தூங்கவில்லை!

சுவரில் மாட்டும் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி அறையிலுள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிரூட்டுகிறது. புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. அடைத்த அறையில் நாற்பது பேர் விடும் மூச்சில் கரியமில வாயு கூடிக்கொண்டே போகும், தலை கனக்கும். ஒருவருக்கு நொடிக்கு 8 முதல் 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. நாற்பது பேருக்கு 400 லிட்டர். அடைத்த மண்டபத்தில் அதற்குத் தனியாக விசிறியும் குழாயும் இல்லாமல் முடியாது. பின்சந்திலிருந்து காற்று எடுத்து, ஒலியுறிஞ்சும் உள்ளுறை வைத்த குழாய் வழியே செலுத்தினோம். நன்கொடையாளர்களிடம் இரண்டாம் முறை கையேந்த நேர்ந்தது. அந்த அம்மையாரின் இல்லம் சென்று, குறை உங்களுடையதன்று, நான் வரைந்த அறையுடையது என்று சொன்னேன். காப்பி கொடுத்து உபசரித்தார். ஆனால் அவர் திரும்பி வரவில்லை.

சத்தத்தை முற்றிலும் ஒழிக்க வேண்டியதில்லை என்பதையும் பின்னரே உணர்ந்தேன். நம் ஆலயங்கள் சந்தைத் தெருவில்தானே நிற்கின்றன? கோபுர வாசலில் காலணி கழற்றி, காலலம்பி, பிராகாரம் சுற்றி, வெளிச்சம் படிப்படியாகக் குறைந்து, கருவறைக்கு முன் ஒரே விளக்கு. அங்கே நாதஸ்வரம் முழங்கினாலும் மனம் ஒடுங்குகிறது. நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்திலுள்ள தியான அறையும் ஏறக்குறைய இவ்வழியே செல்கிறது. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் முன்னின்று 1957-இல் அதைத் திருத்தியமைத்தார். பார்வையாளர் கூடத்தை ஒட்டிய சிறிய அறை. உள்ளே போகப் போகக் குறுகுகிறது. நடுவில் சுமார் ஆறரை டன் இரும்புத்தாதுக் கல். அதன்மேல் ஓர் ஒளிக்கீற்று. எந்தச் சமயத்தின் திருவுருவமும் இல்லை.

எனவே இப்போது வரைபடம் கேட்பவர்களிடம், மண்டபத்தில் பத்துப் பேர் குறைந்தாலும் பரவாயில்லை, வாசலுக்கும் இருக்கைக்கும் இடையே திரும்பிச் செல்லும் ஒரு நடை விடுங்கள் என்கிறேன். தெருவும் மண்டபமும் நேருக்கு நேர் பார்க்கக்கூடாது. காலலம்பக் குழாய் வேண்டும். முழங்கால் மடக்க முடியாத முதியோருக்கு நாற்காலிகள் வேண்டும். அவற்றைக் கடைசி வரிசையில் ஒதுக்காமல் மற்றவர்களோடு கலந்து போடுங்கள். விளக்குகளைக் கண்ணில் படாமல் சுவரை நோக்கித் திருப்பிவிட்டால் போதும்.

சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் முன்னதாகவே முடிவு செய்யுங்கள். இரவு வேலை முடித்து விடியற்காலை வீடு திரும்புகிறவர்தான் அந்த மண்டபத்தை முதலில் தேடி வருவார். ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும்வரை அவரால் காத்திருக்க முடியாது.